புதுப்பிப்பு: டெல்லி வெயிலுக்குக் கிராபிக்ஸ் கார்டு மாற்றினேன்

மே மாதம் இங்கே கேட்டிருந்தேன்: டெல்லி முனிர்காவில் மொட்டை மாடிக்குக் கீழே அறை, ஏசி இல்லை, ஏர் கூலர்தான். என் ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கிராபிக்ஸ் கார்டு மதியத்தில் 84 டிகிரி தொடுகிறது, என்ன செய்யலாம் என்று.

பெரிய ஹீட் சிங்க் (சிப்பின் சூட்டை இழுக்கும் உலோகத் தகடுகள்), மூன்று ஃபேன் உள்ள கார்டு வாங்கச் சொன்னவர்களே அதிகம். அது சிப்பைக் குளிர்விக்கும், உண்மைதான். ஆனால் கார்டு இழுக்கும் வாட் முழுவதும் கடைசியில் வெப்பமாக அறைக்குள்தானே வருகிறது? வாட்டைப் பாருங்கள் என்று ஒரு நண்பர் எழுதியது மனதில் நின்றது. அவருக்கு நன்றி.

நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் சந்தைக்குப் போய் ஆர்டிஎக்ஸ் 4060 வாங்கினேன், இரண்டு ஃபேன் மாடல். பழையது 200 வாட், இது 115. இரண்டு 40 வாட் குண்டு பல்புகளை அணைத்த மாதிரி. 1080பி திரையில் கேம் ஓடும் வேகம் ஏறக்குறைய அதேதான். அறை 37 டிகிரி இருந்த மதியத்திலும் கார்டு 71 தாண்டவில்லை. பிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை படம் என்பதை) 60க்குக் கட்டிப்போட்டதும் இன்னும் இறங்கியது.

அப்புறம், ஏர் கூலர் காற்றை நேராகக் கம்ப்யூட்டர் கேபினெட் மேல் விடாதீர்கள். அது ஈரக்காற்று. ஜன்னலையும் திறந்து வையுங்கள், இல்லையென்றால் அறை புழுங்கும். லூ என்னும் வடநாட்டுக் கோடை அனல்காற்றின் புழுதிக்காக வாரம் ஒருமுறை கேபினெட் ஃபில்டரைத் தட்டுகிறேன்.

பழைய கார்டை ஊரில் தம்பிக்கு அனுப்பிவிட்டேன். அவன் அறையில் ஏசி இருக்கிறது.