சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி விமானம்: எவ்வளவு நேரம்?

வெண்டைக்காய்: ஜூலையில் அம்மாவை (வயது 68) தம்பி வீட்டுக்கு அனுப்புகிறேன். சாங்கியில் நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பி மறுநாள் காலை ஆறு மணி வாக்கில் ஜேஎஃப்கேயில் இறங்கும் என்று டிக்கெட்டில் இருக்கிறது. வெறும் ஆறரை மணி நேரமா? எத்தனை கிலோமீட்டர்?

ஜன்னலோரம்: இரண்டும் அந்தந்த ஊர் நேரம். கோடையில் நியூயார்க் 12 மணி நேரம் பின்னால் இருக்கும், அதையும் கூட்டுங்கள், பதினெட்டரைக்கு மேல் வரும். தூரம் சுமார் 15,300 கி.மீ., ஆனால் அது உருண்டையில் நூல் பிடித்து அளந்த கணக்கு. விமானம் அப்படியே போகாது, பின்னாலிருந்து தள்ளும் காற்றுக்காகப் பசிபிக் பக்கம் சுற்றிப் போவதும் உண்டு, தூரம் கூடினாலும் நேரம் மிச்சம்.

ராக்கோழி: இந்த நேரடி விமானத்தில் எகானமி கிடையாது, பிரீமியம் எகானமியும் பிசினஸும்தான். விலை கட்டுப்படியாகாவிட்டால் பிராங்க்பர்ட் வழியாகப் போகலாம், மொத்தம் ஒரு நாள் ஆகிவிடும்.

வெண்டைக்காய்: அப்படியா, நல்லவேளை கேட்டேன்! அம்மாவுக்குக் கால் வீங்கும், அதான் கவலை.

ஜன்னலோரம்: நடைபாதை ஓர இருக்கை போடுங்கள். என் மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் தூங்குபவரை எழுப்பக் கூச்சப்பட்டு எட்டு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை, இறங்கும்போது செருப்புக்குள் கால் நுழையவில்லை. இறுக்கமான காலுறை போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் எந்த ஊர் நேரப்படி போடுவது என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.