கொல்லையில் பெரிய செஸ் செட்: கட்டம் எவ்வளவு, காய்க்கு என்ன போடலாம்?

வைகைக்கரை:
வணக்கம். 2022-ல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட் சமயத்தில் சென்னை நேப்பியர் பாலம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்திருந்தார்களே, அதைப் பார்த்ததிலிருந்து அக்கா பிள்ளைகள் இரண்டும் நம் வீட்டிலும் பெரிய செஸ் வேண்டும் என்று விடாமல் கேட்கிறார்கள். கொல்லையில் 18-க்கு 14 அடி சிமெண்ட் தரை சும்மாதான் கிடக்கிறது. ஆன்லைனில் பிளாஸ்டிக் செட் விலையைப் பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டேன். நாமே செய்ய முடியுமா? தெர்மகோலில் வெட்டிப் பெயிண்ட் அடித்தால் போதும் என்கிறார் மச்சான், எனக்கு நம்பிக்கை இல்லை. சின்னவளுக்கு ஏழு வயது, அவளும் தூக்கி வைக்கும்படி இருக்க வேண்டும்.

நூல்குண்டு:
தெர்மகோல் வேண்டவே வேண்டாம். ஆடிக் காற்றுக்கு நிற்காது, ஸ்ப்ரே பெயிண்ட் பட்டால் கரைந்து குழி விழும்.

காயை விடுங்கள், முதலில் கட்டத்தை முடிவு செய்யுங்கள். ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) சொல்லும் அளவில் கட்டம் 5 முதல் 6 செ.மீ., ராஜாவின் உயரம் 9.5, சிப்பாய் 5, அடிப்பாக விட்டம் உயரத்தில் 40-50 சதவீதம். இதே விகிதத்தில் கட்டத்தை 1 அடியாக்கினால் ராஜா சுமார் 20 அங்குலம், ராணி 18, மந்திரி 15, குதிரை 13, யானை 12, சிப்பாய் 11. பலகை 8-க்கு 8 அடி. வெட்டுப்பட்ட காய்களை வைக்கவும் ஆள் சுற்றி நடக்கவும் நாலு பக்கமும் 2 அடி விட்டால் 12-க்கு 12, உங்கள் இடத்தில் தாராளமாக அடங்கும்.

டைல்ஸ் ஒட்டத் தேவையில்லை. கொத்தனார் நூல் அடிப்பது போல நீலம் தோய்த்த நூலால் கோடு போட்டு, மறைப்பு டேப் ஒட்டி, 32 கட்டத்துக்கு மட்டும் நிறம் அடித்தால் போதும். அடிப்பதற்கு முன் மூலைக்கு மூலை குறுக்குக்கோடு இரண்டையும் அளந்து பாருங்கள், இரண்டும் 11 அடி 3¾ அங்குலம் வர வேண்டும். வராவிட்டால் சதுரம் கோணிவிட்டது என்று அர்த்தம். அப்புறம், ஆட்டக்காரரின் வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம். பூங்காவில் வரைந்து வைத்திருக்கும் பலகைகளிலேயே இதை மாற்றிப் போட்டிருப்பார்கள், பார்த்தால் எரிச்சலாக வரும்.

சித்திரைவெயில்:
1 அடி கட்டம் சின்னது சார். ஜெனீவாவில் பஸ்தியோன் பூங்காவில் பெரியவர்கள் கட்டத்துக்குள் நடந்து போய்க் காயை நகர்த்துகிறார்கள், அதுதான் இதில் சுகமே. 2 அடி போடுங்கள்.

வைகைக்கரை:
2 அடி என்றால் பலகையே 16 அடி ஆகிவிடும், என் தரை ஒரு பக்கம் 14தான். ராஜாவும் 40 அங்குலம் வரும், ஏழு வயதுக்காரி எப்படித் தூக்குவாள்? 1 அடியே இருக்கட்டும். காய்க்கு வழி சொல்லுங்கள்.

பைப்புக்காரர்:
பிவிசி பைப்தான், வேறு யோசிக்காதீர்கள். சிப்பாய்க்கு 4 அங்குல பைப், அதாவது கடையில் 110 எம்எம். 7 அங்குலத் துண்டு பதினாறு போட்டால் 112 அங்குலம், ஒரு 10 அடி பைப்பிலேயே முடிந்துவிடும். அடியில் எண்ட் கேப் (பைப் மூடி), மேலேயும் எண்ட் கேப், தலைக்குத் தண்ணீர்த் தொட்டியில் போடும் ஃப்ளோட் பந்து. அந்தப் பந்தில் மரை இருக்கும், மேல் கேப்பில் துளை போட்டு போல்ட்டால் முடுக்கிவிடலாம், பசையெல்லாம் வெயிலில் விட்டுவிடும்.

எடைக்குச் சிமெண்ட் கலவை ஊற்றும்போதுதான் ஆசைப்படக் கூடாது. பைப் முழுக்க ஊற்றினால் ஒரு சிப்பாய் 3 கிலோவைத் தாண்டும். அடியில் 2 அங்குலம் மட்டும் ஊற்றினால் ஒரு கிலோ பக்கம் நிற்கும், காற்றுக்கும் சாயாது, குழந்தையும் தூக்குவாள். ராஜா, ராணிக்கு 6 அங்குல பைப்பில் (160 எம்எம்) அதே 2 அங்குலம் ஊற்றினால் சுமார் 2 கிலோ. எல்லாவற்றுக்கும் அடியில் பழைய சைக்கிள் டியூப்பை வட்டமாக வெட்டி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் தரைப் பெயிண்ட் கீறும்.

யானைதான் சுலபம், பைப் வாயில் ஹேக்சா பிளேடால் பல் பல்லாக வெட்டினால் கோட்டை மதில் வந்துவிடும். வாய் திறந்திருப்பதால் கலவை மட்டத்துக்கு மேலே ஒரு துளை போட மறக்காதீர்கள், மழைத் தண்ணீர் நின்றால் கொசு வந்து குடியேறும். மந்திரிக்கு மேலே பிளாஸ்டிக் புனலைக் கவிழ்த்துக் கொள்ளுங்கள். குதிரைக்கு மட்டும் மெனக்கெட வேண்டும்: 19 எம்எம் ப்ளைவுட்டில், ஐஎஸ் 710 முத்திரை (தண்ணீர் தாங்கும் மரைன் ப்ளைவுட்) இருப்பதாகப் பார்த்து, தலையை ஜிக்சாவால் வெட்டி, 5 அங்குல பைப் துண்டின் வாயில் எதிரெதிரே இரண்டு பிளவு போட்டுச் செருகி, குறுக்கே போல்ட். ப்ளைவுட் விளிம்புதான் தண்ணீர் குடிக்கும், அதற்கு இரண்டு மூன்று முறை பிரைமர் அடியுங்கள்.

பிவிசி வழவழப்பாக இருக்கும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் பெயிண்ட் அடித்தால் தோல் உரிவது போல உரியும். பெயிண்ட் இல்லாமலும் விடக் கூடாது, வெயிலில் பைப் நொறுங்க ஆரம்பிக்கும்.

சித்திரைவெயில்:
சரி, 1 அடிக்கே நானும் வருகிறேன். ஆனால் தரைக்குக் கறுப்பு வேண்டாம், நம் ஊர் வெயிலில் நாலு மணிக்குக்கூட வெறுங்காலில் நிற்க முடியாது. ரெட் ஆக்சைடு அடியுங்கள், சிவப்பு மேல் கறுப்புக் காயும் எடுப்பாகத் தெரியும்.

வைகைக்கரை:
ரெட் ஆக்சைடு நல்ல யோசனை, வீட்டுத் திண்ணையும் அதே நிறம்தான். ராஜா, ராணி தலைக்கு என்ன செய்வது?

பைப்புக்காரர்:
ராணிக்குப் பைப் வாயை முக்கோணப் பல்லாக வெட்டி, நடுவில் சின்ன ஃப்ளோட் பந்து. ராஜாவுக்கு மேல் கேப்பில் ப்ளைவுட் சிலுவை. சிலுவையின் கை ஒவ்வொன்றும் குறைந்தது ஒன்றரை அங்குல அகலம் இருக்கட்டும், பிள்ளைகள் அதைப் பிடித்துத்தான் தூக்குவார்கள்.