மறு: ‘கோஃப்’ – வெற்றிடம் வேண்டாம், பொக்கை ஆகுமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நிலத்தடிச் சுரங்கத்தில் கரி எடுத்து முடித்த இடத்தைச் சுரங்கத்தார் ‘கோஃப்’ (goaf) என்பார்கள். அதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேடி நாம் பேசிவந்ததில் வெற்றிடம், இடிவெளி, கைவிடப்பட்ட பகுதி என்று சில வந்தன. ஓவியர் நேற்று அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகுதான் இந்தச் சொல்லை இப்படியே விட்டுவிடக் கூடாது என்று தோன்றியது. நிலக்கரிச் சுரங்கம் பற்றிப் பிள்ளைகளுக்கான சிறுநூல் ஒன்றை நான் எழுதிவருவது உங்களுக்குத் தெரியும். ‘கோஃப்’ வருகிற இடத்தில் முதல் படியில் ‘வெற்றிடம்’ என்று போட்டிருந்தேன். ஓவியர் அதை நம்பி, பெருக்கிக் கழுவிவிட்ட கல்யாண மண்டபம் போல ஒரு குகை வரைந்திருக்கிறார். மூலையில் இரண்டு வௌவால் வேறு. அவர் மேல் தப்பில்லை. நான் கொடுத்த சொல் அப்படி.

அந்த இடம் உண்மையில் எப்படி இருக்கும் என்பதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் குடியிருப்பின் இரவுக் காவலர். இங்கே டெல்லி மயூர் விகாரில் பத்து வருடமாக வாசலில் இருக்கிறார். ஊர் ஜார்க்கண்டின் நிலக்கரிப் பகுதியான ஜரியா பக்கம். அப்பா ‘மல்கட்டா’, உள்ளே இறங்கிக் கரி வெட்டியவர். நான் கேட்டதும் ஆறு காகிதக் கோப்பைகளைக் கவிழ்த்து இரண்டு வரிசையாக வைத்தார். வருகைப் பதிவேட்டை அவற்றின் மேல் படுக்க வைத்தார். கோப்பைகள் கரித் தூண்கள். பதிவேடு கூரை, அவர்கள் ஊர்ப் பேச்சில் ‘சால்’. கோப்பைகளுக்கு நடுவே உள்ள சந்துகள்தான் முதலில் வெட்டிப் போகிற வழிகள். நிஜச் சுரங்கத்தில் அவற்றின் அகலம் பொதுவாக 4.8 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. அப்புறம் தூரக் கோடியிலிருந்து ஒவ்வொரு கோப்பையாக உருவிக்கொண்டே தன் பக்கம் வந்தார். மூன்றாவதை எடுத்ததும் பதிவேட்டின் அந்தப் பக்கம் தொப்பென்று விழுந்தது. விழுந்த இடத்தைக் காட்டி “யஹி கோஃப்” (இதுதான் கோஃப்) என்றார். பிறகு மிச்சமிருந்த கோப்பைகளின் ஓரத்தில் விரலை வைத்து, “ஆள் இங்கே நிற்பான்” என்றார்.

விழுந்தது எங்கோ தொலைவில் இல்லை. இப்படிக் கரித் தூண்களையும் வெட்டி எடுக்கும் வேலை, அதாவது தூணெடுப்பு, நடக்கும்போது வேலையாளின் முதுகுக்கும் அதற்கும் சில அடிகள்தான். உள்ளே இடிந்த பாறை, எடுக்க முடியாமல் விட்ட கரித் துண்டுகள், காற்றோட்டம் எட்டாத மூலைகள், மீத்தேன், சில இடங்களில் நீர். விட்டுப்போன கரி கசிந்து வரும் காற்றோடு சேர்ந்து மெல்லச் சூடாகித் தானே தீப்பற்றும். ஜரியாவில் பூமிக்கடியில் தீ இருப்பது முதன்முதலில் பதிவானது 1916-இல், இன்னும் எரிகிறது. (அதே 1916-இல்தான் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் தமிழில் அறிவியல் சொற்கள் ஆக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். நம் வேலையும் அந்தத் தீ மாதிரியே அணையாமல் போய்க்கொண்டிருக்கிறது.)

நீர் விஷயமும் அப்படித்தான். 1975 டிசம்பர் 27 அன்று ஜரியா பக்கத்துச் சாஸ்நாலா சுரங்கத்தில் பழைய குடைவுகளில் தேங்கிக் கிடந்த நீர் உடைத்துக்கொண்டு இறங்கி 375 பேரைக் கொண்டுபோனது. பழைய குடைவு என்பதும் கோஃப் என்பதும் ஒன்றில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கரி எடுத்து முடித்த இடத்தை ‘வெற்று’ என்று நினைப்பது எவ்வளவு பெரிய தப்பு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆகவே வெற்றிடம் வேண்டாம். அது இயற்பியல்காரர்களிடமே இருக்கட்டும்.

கோவை நண்பர் சொன்ன ‘இடிவெளி’ எனக்கு முதலில் பிடித்துப்போனது. ஒரு நாள் முழுக்க அதையே எழுதிக்கொண்டிருந்தேன். மணல் நிரப்பும் பக்கத்துக்கு வந்ததும் சிக்கிக்கொண்டேன். ஜரியாவிலும் ராணிகஞ்சிலும் பல சுரங்கங்களில் தாமோதர் ஆற்று மணலைத் தண்ணீரோடு கலந்து குழாய் வழியாக உள்ளே செலுத்தி, கரி எடுத்த இடத்தை அடைத்தார்கள். மேலே வீடோ ரயில் பாதையோ இருந்தால் கூரையை விழ விட முடியாதல்லவா? அதுவும் கோஃப்தான். இடியாத ஒன்றை ‘மணல் நிரப்பிய இடிவெளி’ என்று எழுதினால் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், எனக்குப் பதில் இருக்காது.

‘கைவிடப்பட்ட பகுதி’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுரங்கத்தையே கைவிடுவது வேறு சங்கதி. தவிர அதோடு இன்னொரு சொல்லைச் சேர்த்துப் பாருங்கள்: ‘கைவிடப்பட்ட பகுதித் தீ’. தீயணைப்பு வண்டி வருவதற்குள் வாக்கியம் முடியாது.

மும்பை நண்பர் ‘கோஃப்’ என்றே வைத்துக்கொள்வோம் என்கிறார். இதை நான் தள்ளவில்லை. காவலரின் அப்பா அப்படித்தான் சொன்னார். அவர் பள்ளிக்கூடம் போனவர் இல்லை, அந்தச் சொல் அவர் வாயில் தேய்ந்து சொந்தச் சொல்லாகிவிட்டது. தமிழில் அப்படித் தேய வாய்ப்புக் கிடைக்கவில்லை. நெய்வேலி ஐயா சுட்டிக்காட்டியபடி, அங்கே எல்லாம் திறந்தவெளிச் சுரங்கம். மண்ணை அகற்றி, பழுப்பு நிலக்கரியை எடுத்து, அந்த மண்ணைப் பின்னாலேயே கொட்டிக்கொண்டு நகர்கிறார்கள். ‘மேல்மண்’ என்றால் கடலூர் மாவட்டத்தில் யாருக்கும் புரியும். கோஃப் என்பதற்கு அப்படி ஒரு வாய் நமக்கு இல்லை. வாய் இல்லாத இடத்தில் நாம்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வாய் என்றதும்தான் எனக்கு ‘பொக்கை’ வந்தது.

பல் போன இடம் பொக்கை. தூண் போன இடத்தையும் அப்படியே சொன்னால் என்ன? பல்லைப் பிடுங்கினால் நாளடைவில் ஈறு தாழ்ந்து கன்னம் ஒட்டும். கரி எடுத்த இடத்துக்கு மேலே தரை உள்வாங்குவதும் இதே கதை. ஒரு பல் போனால் மெல்லும் பாரம் பக்கத்துப் பல்லுக்குப் போகிறது. தூணெடுப்பிலும் பொக்கையை ஒட்டி நிற்கும் தூண்கள்தான் அதிகப் பாரம் தாங்குகின்றன. உடைந்து உள்ளே தங்கிய வேர் சீழ் வைப்பது போல, எடுக்காமல் விட்ட கரித் துண்டுதான் பிறகு தீப்பிடிக்கிறது. உவமையை இவ்வளவு தூரம் இழுக்கலாமா என்று தெரியவில்லை, ஆனால் இழுத்த இடமெல்லாம் வருகிறது.

சேர்த்து எழுதவும் வசதி. பொக்கைத் தீ, பொக்கைநீர், பொக்கை விளிம்பு. கூரை விழுந்தால் இடிந்த பொக்கை, மணல் அடைத்தால் நிரப்பிய பொக்கை. ‘நெடுஞ்சுவர்’ முறையில் தூணே கிடையாது, இயந்திரம் கரிச்சுவரைச் சீவிக்கொண்டே போகப் பின்னால் கூரை விழுகிறது. அங்கும் பொக்கைதான், சொல்லை மாற்ற வேண்டியதில்லை.

இதுவும் வெறுமையைத்தானே சொல்கிறது என்று தஞ்சை அம்மா நிச்சயம் கேட்பார்கள். பருப்பில்லாத கடலையைப் பொக்கு என்போமே, அது வெறுமைதான். ஆனால் வெற்றிடம் பிறந்ததிலிருந்தே வெற்றாக இருக்கலாம். பொக்கை வாய் என்றால் அங்கே ஒரு காலத்தில் பல் இருந்தது, போய்விட்டது. எனக்கு வேண்டியது அந்த ‘போய்விட்டது’. உள்ளே பாறை கிடக்கிறதா மணல் கிடக்கிறதா என்பதை முன்னால் வரும் அடை சொல்லிவிடும்.

இன்னொரு தடை சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.புரத்தில் தமிழ்ச் சங்கத்துக்குப் போனபோது நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். மூன்று பேர் சிரித்தார்கள், ஒரு பெரியவர் வாயைத் திறந்தே காட்டினார். ‘பாட்டி வாயைக் கொண்டுபோய்ச் சுரங்கத்தில் வைக்கிறாயே’ என்றார். கிணற்றுக்கு வாய் இருக்கிறது, ஆற்றுக்கு முகம் இருக்கிறது, ஊசிக்குக் காது இருக்கிறது. அதற்கெல்லாம் யார் சிரிக்கிறார்கள்? பழகாத வரைதான் சிரிப்பு. ஆனால் ஒன்று: விபத்துச் செய்தியில் ‘பொக்கையில் சிக்கி இருவர் பலி’ என்று வந்தால் உறுத்துமா? எனக்கே கொஞ்சம் உறுத்துகிறது. செய்தித்தாளில் வேலை பார்த்தவர்கள் இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

நூலின் அந்த அத்தியாயத்தை வெள்ளிக்குள் அனுப்ப வேண்டும். அதுவரை பொக்கை என்றே எழுதுகிறேன், முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘சுரங்கத்தார் கோஃப் என்பார்கள்’ என்று சேர்த்துவிடுகிறேன். ஓவியரிடம் வௌவால்களை எடுத்துவிட்டுப் பாறையைக் கொட்டச் சொல்லியாயிற்று.

மிச்சம் ஒன்று இருக்கிறது. பொக்கை விளிம்பில் மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக் கூரையைத் தாங்குவார்களே, அதை ‘கட்டையடுக்கு’ என்று போட்டிருக்கிறேன். ஒற்றை மரத்துக்கு ‘முட்டு’. இதில் யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?

அன்புடன்,
மயூர் விகாரிலிருந்து