மலை வளைவில் காற்றாலை இறக்கை ஏற்றிய சரக்கு ரயில்: எங்கே நின்று எடுப்பது?

உச்சிப்புளி ஸ்டுடியோ

எல்லோருக்கும் வணக்கம். உச்சிப்புளியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம், இதுதான் பிழைப்பு. ஓய்வு கிடைத்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு ரயில் பார்க்கக் கிளம்பிவிடுவேன். பழைய பாம்பன் பாலத்தின் தூக்கு இரண்டு பக்கமும் பிளந்து திறப்பதையும் எடுத்திருக்கிறேன், 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே மட்டமாக மேலே ஏறுவதையும் எடுத்திருக்கிறேன். ஆனால் கடலும் பாலமும் எடுத்துப் பழகிய கைக்கு மலை புதுசு.

வருகிற பங்குனியில் மகள் பிரசவத்துக்காக நானும் வீட்டுக்காரியும் அமெரிக்கா போகிறோம். மகள் இருப்பது கலிபோர்னியாவில், பேக்கர்ஸ்ஃபீல்டில். அந்தப் பக்கம் மலைப்பாதையில் காற்றாலை இறக்கைகளைச் சரக்கு ரயிலில் ஏற்றிக்கொண்டு போவார்கள் என்று மருமகன் சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

காரணம் இருக்கிறது. நம்ம கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராத்திரி நேரம் இறக்கை ஏற்றிய டிரெய்லர் போவதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் பைலட் வண்டி, கம்பு வைத்து மின்கம்பியைத் தூக்கிப்பிடிக்க இரண்டு பேர், பின்னால் ஊரே. அதைப் படமாக எடுத்தால் டீக்கடை, கம்பி, போர்டு, பைக் எல்லாம் வந்துவிடுகிறது. இறக்கையின் நீளம் மட்டும் வருவதில்லை. எனக்கு அந்த நீளம் வேண்டும். மலை, தண்டவாளம், இறக்கை. வேறு ஒன்றும் வேண்டாம்.

என்னிடம் 24-70 மி.மீ., 70-200 மி.மீ. இரண்டு லென்ஸ் இருக்கின்றன. வளைவின் உள்பக்கம் நிற்பதா, வெளிப்பக்கமா? வெள்ளை இறக்கைக்கு எக்ஸ்போஷர், அதாவது வெளிச்ச அளவு, எப்படி வைப்பது? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

சாயல்குடி புல்லர்

அண்ணே, நான் ரயில் ஓட்டியதில்லை. ஆனால் இறக்கை டிரெய்லர் ஓட்டுகிறேன், தூத்துக்குடி துறைமுகத்துக்கும் போயிருக்கிறேன். அங்கே 80 மீட்டருக்கு மேல் நீளமான இறக்கையெல்லாம் கப்பலில் ஏறியிருக்கிறது. அதனால் இறக்கை வளைவில் என்ன செய்யும் என்று சொல்கிறேன், படம் எடுக்க உதவும்.

இறக்கையின் அடிப்பக்கம் உருண்டை. ஆள் நிமிர்ந்து உள்ளே நடக்கலாம், விளிம்பு முழுக்க போல்ட். எங்கள் வண்டியில் அது புல்லர், அதாவது இழுக்கிற முன்வண்டி, பக்கம் இருக்கும். நுனி பின்னால் நீட்டிக்கொண்டு வரும். தாங்குவது இரண்டே இடம். வண்டி திரும்பும்போது அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் இருக்கிற வயிறு வளைவின் உள்பக்கமாக வரும். தாங்கல் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிற நுனி வெளிப்பக்கமாக வீசும். வண்டி இந்தப் பக்கம் போகிறது, நுனி அந்தப் பக்கம் போகிறது. அதனால்தான் திருப்பத்தில் வெளிப்பக்கம் ஒரு ஆளையும் நிற்க விடமாட்டோம். பின்சக்கரத்தைத் தனியாகத் திருப்புகிற பையன் நுனியை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டான்.

ரயிலிலும் இரண்டு இடத்தில்தானே தாங்க முடியும்? அப்படியானால் நுனி வெளியே வீசுகிற அந்த ஒரு நேரம்தான் உங்கள் படம். நேர் தண்டவாளத்தில் எடுத்தால் நீளமான வெள்ளைக் குழாய் மாதிரிதான் தெரியும்.

கீழக்கரைக்காரன், கலிபோர்னியா

சாயல்குடி அண்ணன் சொன்னது அப்படியே சரி. நான் இங்கே சிவில் வேலையில் இருக்கிறேன், வார இறுதியில் ரயில் பார்க்கப் போவேன்.

இங்கே தட்டை வேகன் ஒன்றின் நீளம் 89 அடி, சுமார் 27 மீட்டர். 50 மீட்டர் இறக்கைக்கு ஒரு வேகன் காணாது. இரண்டு மூன்று வேகன்களின் மேல் நீட்டிப் படுக்க வைக்கிறார்கள். அடிப்பக்கத்துத் தாங்கல் ஒரு வேகனில், நுனிப்பக்கத்துத் தாங்கல் இன்னொரு வேகனில். வேகன்கள் வளைவில் ஒன்றுக்கொன்று திரும்பும், இறக்கை திரும்பாது. அதனால் தாங்கல்கள் சுழன்று கொடுக்கும். நுனிப்பக்கம் முன்னும் பின்னும் கொஞ்சம் நகரவும் இடம் இருக்கும். கூர்ந்து பார்த்தால் அந்த நகர்வு கண்ணுக்கே தெரியும்.

நீங்கள் போக வேண்டிய இடம் டெஹாச்சபி லூப். பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், கீன் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில். மலை ஏற ரயிலுக்கு இடம் போதாமல் பாதையை ஒரு முழு வட்டமாகச் சுற்றவிட்டு, தன் மேலேயே தாண்டிப் போக வைத்திருக்கிறார்கள். 1876-இல் முடித்த வேலை. பாறையை வெட்டியவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். வட்டத்தின் சுற்றளவு 3,779 அடி. அந்த ஒரு சுற்றில் ரயில் 77 அடி உயர்ந்துவிடுகிறது. ரயில் 4,000 அடிக்கு மேல் நீளமாக இருந்தால், இன்ஜின் மேலே போகும்போது அதே ரயிலின் வால் கீழே ஒன்பதாம் எண் குகைக்குள் நுழைந்துகொண்டிருக்கும்.

உங்களுக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வட்டத்தின் ஆரம் 180 மீட்டரை ஒட்டி வருகிறது. தாங்கல்களுக்கு நடுவே 35 மீட்டர், நுனி 15 மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், வயிறு உள்பக்கமாக முக்கால் மீட்டருக்கு மேல் வரும். நுனி வெளிப்பக்கமாக இரண்டு மீட்டர் வரை வீசும். இரண்டு மீட்டர் என்பது தண்டவாள அகலத்தை விட அதிகம், படத்தில் கட்டாயம் தெரியும்.

அதனால் வெளிப்பக்கம், கொஞ்சம் உயரத்தில். உட்ஃபோர்டு-டெஹாச்சபி ரோட்டிலிருந்து வட்டம் முழுவதும் கீழே விரிந்து தெரியும். அங்கேயே நில்லுங்கள். தண்டவாளப் பக்கம் இறங்காதீர்கள், அது ரயில் கம்பெனியின் சொந்த நிலம், போலீஸ் வரும். பங்குனி நல்ல நேரம். மழை முடிந்து மலை பச்சையாக இருக்கும். ஆனி, ஆடியில் வந்தால் எல்லாம் காய்ந்து வைக்கோல் நிறம், இறக்கை அவ்வளவு எடுப்பாகத் தெரியாது.

மண்டபம் கேமரா

ஐயா, எக்ஸ்போஷர் பற்றி நான் சொல்கிறேன். உச்சி வெயிலில் மாப்பிள்ளையின் பட்டுவேட்டிக்கு எப்படிக் குறைப்பீர்களோ அதே கைதான். பச்சை மலையைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இறக்கையின் வெள்ளை ஓவராகி வெளுத்துப்போகும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறைத்து RAW ஃபைலாக எடுங்கள். மலையின் நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், வெளுத்துப்போன வெள்ளையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஏற்றத்தில் சரக்கு ரயில் மெதுவாகத்தான் ஏறும், ஷட்டர் 1/500 நொடி தாராளம்.

இன்னொன்று, கானல். தனுஷ்கோடி ரோட்டில் மத்தியானம் 200-இல் எடுத்தால் தூரத்துக் கோடெல்லாம் நெளியுமே, அதேதான் வெயில் பட்ட ஜல்லிக்கு மேலும் நடக்கும். இறக்கையின் விளிம்பு கத்தி மாதிரி நேராக இருந்தால்தான் நீங்கள் கேட்கிற நீளம் படத்தில் நிற்கும். காலையில் போய்விடுங்கள்.

200-ஐ அடிக்கடி கையில் எடுக்காதீர்கள். நேர் எதிரே நின்று 200-இல் எடுத்தால் மலை பெரிதாக வரும், இறக்கை குறுகிப்போகும். 70-இல் முக்கால் பக்கவாட்டாக எடுங்கள்.

ஊரில் இருக்கும்போதே கைப்பழக்கம் வேண்டுமென்றால் ஆரல்வாய்மொழி போய்வாருங்கள். வள்ளியூர் தாண்டி கணவாயை நெருங்கும்போது ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, சுற்றிலும் முப்பந்தல் காற்றாலைகள், நடுவில் நாகர்கோவில் ரயில். இறக்கை ரயிலில் வராது, நம்ம பக்கம் எல்லாம் ரோட்டில்தான். ஆனால் வெள்ளை இறக்கையும் மலையும் ஓடும் ரயிலும் ஒரே ஃபிரேமில் கிடைக்கும்.

உச்சிப்புளி ஸ்டுடியோ

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. வயிறு உள்ளே, நுனி வெளியே என்று சாயல்குடி தம்பி சொன்னதும் என் மனதில் படம் தெளிவாக வந்துவிட்டது. ரயில் வளைய வேண்டும், இறக்கை வளையக்கூடாது. அந்த முரண்தான் நீளத்தைக் காட்டும். மேலே ரோட்டில் நின்று முழு வட்டத்துக்கு 24-70-இல் ஒன்று, நுனி வீசும் இடத்துக்கு 70-200-இன் ஆரம்பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்கிறேன். அடுத்த முகூர்த்தம் முடிந்ததும் ஆரல்வாய்மொழிக்கும் ஒரு நடை போகிறேன்.

கீழக்கரைத் தம்பிக்கு இரண்டு கேள்வி. இறக்கை ரயில் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரியுமா? அந்த மேட்டில் காற்று எப்படி? பாம்பன் பாலத்தில் கச்சான் அடிக்கும்போது முக்காலியோடு நின்று பழக்கம் உண்டு.

கீழக்கரைக்காரன், கலிபோர்னியா

அண்ணே, சரக்கு ரயிலுக்கு நேரப்பட்டியல் கிடையாது. இறக்கை ரயில் தினமும் வராது. ஆனால் அந்தப் பாதையில் மற்ற சரக்கு ரயில்கள் நிறைய, சும்மா நிற்க வேண்டியிருக்காது. ரேடியோ ஸ்கேனர் வைத்துக் கேட்கிற உள்ளூர் ரயில் ரசிகர்கள் அந்த மேட்டில் அடிக்கடி இருப்பார்கள், வணக்கம் சொல்லிப் பேச்சுக் கொடுங்கள். எந்த லோடு எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும், நல்ல மனதோடு சொல்வார்கள்.

காற்று பலமாகவே இருக்கும். 1980-களிலேயே இந்தக் கணவாயில் காற்றாலை நட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். முக்காலியின் நடுக்கொக்கியில் கேமரா பையைத் தொங்கவிட்டுக் காலை அகட்டி வையுங்கள். பங்குனியில் காலை நேரம் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துவாருங்கள். வந்து இறங்கியதும் எனக்கு எழுதுங்கள். மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக முடியட்டும், அப்புறம் ஒரு சனிக்கிழமை நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.