பாண்டியன் ஏன் விசாரிக்கவில்லை?

குழு: எங்கள் வீடு

நான்: மாமா, ஒத்திகை முடிந்து வந்துவிட்டீர்களா? பள்ளிக்கூடத்தில் போடும் சிலப்பதிகார நாடகத்தில் எனக்குப் பாண்டியன் வேடம். பொற்கொல்லன் வாசலில் வந்து கோவலனைக் கள்வன் என்று சொல்லும் காட்சி. அரசன் ஏன் விசாரிக்காமல் கொல்லச் சொன்னான்? இளங்கோவடிகள் ‘வினைவிளை காலம்’ என்கிறார். பரீட்சையில் ஊழ்வினை என்று எழுதிவிடலாம். மேடையில் ஊழ்வினையை எப்படி நடிப்பது?

அண்ணா: இதில் என்ன யோசனை? அதிகாரத் திமிர். கோவலன் ஊருக்குப் புதியவன், அவனுக்காகக் கதைக்க ஒருவரும் இல்லை. அப்படியே நடி.

மாமா: பொறு தம்பி. திமிராக நடித்தால் பிறகு கோவலன் மனைவி கண்ணகை நீதி கேட்டு வரும் வழக்குரை காதையில் அவன் சாவது பொருந்தாது. திமிர் பிடித்தவன் சாட்டுச் சொல்லித் தப்புவான்.

மாமா: பிள்ளை, அந்த நேரத்தில் அவன் எங்கே போகிறான் என்று பார். கூத்தியரின் ஆடலிலும் பாடலிலும் அரசன் மயங்கிவிட்டான் என்று தேவிக்கு ஊடல். தலையிடி என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். அவனும் மந்திரிமாரை விட்டுவிட்டு அவளைத் தேற்றப் போகிறான். கூட வருவது பணிப்பெண்கள்தான். அந்தப்புர வாசலில் வைத்துப் பொற்கொல்லன் காலில் விழுகிறான். ஒரு மந்திரி பக்கத்தில் நின்றிருந்தால் ‘அரசே, ஆளைக் கூட்டிவரச் சொல்லுங்கள்’ என்றிருப்பான். நான் கோவலன் கூத்தில் இரண்டு வருடம் பொற்கொல்லனாக ஆடினேன். அந்தத் தனிமைக்காகத்தான் காத்து நிற்பதுபோல ஆடுவேன்.

நான்: அப்படியென்றால் அவனுடைய மனம் முழுக்கத் தேவியிடம்.

மாமா: ஓம். தொலைந்ததும் தேவியின் சிலம்பு. அதைக் கையில் கொண்டுபோனால் ஊடல் தீரும். அவன் சொல்வதைப் பார்: ‘கன்றிய கள்வன் கையது ஆகின் கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு.’ சிலம்பு கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று அதை இங்கே கொண்டுவா என்கிறான். அதில் அவனுக்குத் தேவையானது ‘கொணர்க’ மட்டும்தான். ‘கொன்று’ வழியில் விழுந்த சொல். அதை அழுத்தாதே, கண் அந்தப்புரக் கதவில் இருக்கட்டும். ஒரு உயிரைப் பற்றிக் கதைக்கிறான் என்பது அவனுக்கே விளங்கக்கூடாது.

அண்ணா: ஆனால் ‘கையது ஆகின்’ என்று நிபந்தனை வைத்தானே. அதுவும் ஒரு விசாரணைதானே?

மாமா: நல்ல கேள்வி. ஆனால் கையில் இருப்பது யாருடைய சிலம்பு என்று பார்க்க அவன் சொல்லவில்லை. தேவியுடையதில் முத்து, கண்ணகையுடையதில் மாணிக்கம். ஒருமுறை உடைத்துப் பார்த்திருந்தால் போதும். தேவியின் சிலம்பைத் திருடியவனே அதை அடையாளம் காட்டவும் போகிறான். அரசன் அனுப்பியவர்களில் ஒருவன் கோவலனின் முகத்தைப் பார்த்து ‘இவன் கொல்லத்தக்கவன் அல்லன்’ என்றான். அந்தக் காவலனுக்கு இருந்த நிதானம் அரசனுக்கு இருக்கவில்லை.

நான்: அப்போ கண்ணகை வந்து கேட்கும்போது ‘கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று’, கள்வனைக் கொல்வது கொடுங்கோல் இல்லை என்கிறானே. அது சாட்டுத்தானே?

மாமா: அந்த நேரம் அதை மனதார நம்புகிறான். சிலம்பை உடைத்து மாணிக்கம் தெறித்தபிறகு பார், ஒரு வார்த்தை தன் பக்கம் பேசவில்லை. ‘யானோ அரசன் யானே கள்வன்.’ கோவலனுக்குத் தீர்ப்புச் சொன்ன அதே வேகத்தில் தனக்கும் சொல்லிவிட்டான். நான் இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் அழுவேன்.

அம்மா: அக்கா வொய்ஸ் அனுப்பியிருக்கிறா. எல்லோரும் வாசிக்க எழுதிப் போடுகிறேன்.

அம்மா (பெரியம்மா சொன்னது): “நான் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோவில் வாசலில் பொங்கலுக்கு இருந்து இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். நீங்கள் எல்லோரும் கொலைக்களத்திலேயே நிற்கிறீர்கள். வாசலில் ஒருத்தி ஒற்றைச் சிலம்போடு தலைவிரித்து நிற்கிறாள் என்று காவல்காரன் போய்ச் சொன்னதும் அவன் என்ன சொன்னான்? உள்ளே விடு என்றான். நான் காணாமல் போன என் பிள்ளையின் படத்தோடு எத்தனை வாசலில் நின்றேன். உள்ளே வா என்று ஒருவரும் சொல்லவில்லை. பிள்ளை, அந்த இடத்தை ஓடி நடிக்காதே.”

மாமா: ‘வருக மற்று அவள் தருக ஈங்கு.’ ஓம் அக்கா.

நான்: பெரியம்மா, அதற்குப் பிறகு அவன் ‘யாரையோ நீ’ என்று கேட்கிறான். கண்ணீரோடு வந்தவளை யார் என்று கேட்கிறான். நான் அதை விரட்டுகிற மாதிரிச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாமா: மெதுவாகச் சொல். அங்கேதான் அவன் முதல்முறையாக விசாரிக்கிறான். நாளைக்குப் பின்னேரம் வீட்டுக்கு வா, நான் கண்ணகையாக நிற்கிறேன்.

நான்: வருகிறேன் மாமா. பெரியம்மா, நீங்களும் வந்து பாருங்கள்.

அம்மா: அக்கா வருகிறாவாம்.