வேலை இடத்துல இயேசுவுக்கு சாட்சியா இருக்கிறது எப்படி? ஆலோசனை சொல்லுங்க

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என்கூட வேலை பாக்குற ஒருத்தர், போன வாரம் நான் பண்ண தப்பை நானே மேனேஜர்கிட்ட போய் ஒத்துக்கிட்டதைப் பாத்துட்டு, யாருக்குமே தெரியாதே, ஏன் சொன்னீங்கன்னு கேட்டார். இயேசுவுக்காகன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, ஆனா பயத்துல சும்மா மனசு கேக்கலன்னு சொல்லி முடிச்சிட்டேன். அதுலருந்து தூக்கமே இல்ல.

பைபிள்ல 1 பேதுரு 3:15 நம்ம நம்பிக்கையைப் பத்தி விசாரிக்கிறவங்களுக்கு பதில் சொல்ல ஆயத்தமா இருக்கச் சொல்லுது, அதுவும் சாந்தத்தோட. அவரே கேட்டாரே, நான்தான் ஆயத்தமா இல்ல!

இன்னொரு குழப்பம், மத்தேயு 5:16ல நம்ம நற்கிரியைகளை மனுஷர் காணணும்னு இருக்கு, 6:1ல மனுஷர் காணணும்னு செய்யாதீங்கன்னு இருக்கு. பிதாவுக்கு மகிமையா, எனக்குப் பேரான்னுதான் வித்தியாசம்னு புரியுது, ஆனா இப்ப நானா போய் பேச்சை எடுத்தா பெருமை அடிக்கிற மாதிரி ஆயிடுமோன்னு தயக்கம்.

என்கூட வேலை பாக்குற அவரோட அம்மா வேற ரொம்ப முடியாம இருக்காங்க. ஜெபம் பண்றேன்னு சொன்னா, கஷ்ட நேரம் பாத்து மதம் பேசுறான்னு நினைச்சிடக் கூடாது. இந்த மாதிரி அனுபவம் உள்ளவங்க, பேச்சை எப்படி ஆரம்பிச்சீங்க, முதல் வார்த்தை என்ன சொன்னீங்கன்னு சொல்லுங்க ப்ளீஸ். அவருக்காகவும் அந்த அம்மாவுக்காகவும் ஜெபிச்சுக்கோங்க.