பேக்லோஃபென் போட்டால் முழங்கால் மடங்குகிறது, நிறுத்திவிடலாமா?

அக்காவுக்கு வயது 38, எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளை, தண்டுவட நரம்புகளைப் பாதிக்கும் நோய்) வந்து ஆறு வருடம் ஆகிறது. இரண்டு காலும் கட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும், ராத்திரி படுத்தால் வெடுக் வெடுக்கென்று இழுக்கும். விறைப்பைத் தளர்த்த பேக்லோஃபென் மாத்திரை 5 மி.கி. மூன்று வேளை தொடங்கி இப்போது 10 மி.கி. மூன்று வேளை. இழுப்பு குறைந்தது உண்மைதான். ஆனால் எழுந்து நின்றால் முழங்கால் மடங்கிவிடுகிறது, நேற்று பாத்ரூம் வாசலில் விழப் பார்த்தாள், பகலெல்லாம் தூக்கம் வேறு. நோய் முற்றுகிறதா, மாத்திரையின் வேலையா? டாக்டரைப் பார்க்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அதுவரை நிறுத்தலாமா என்கிறார் அம்மா.

பதில் 1
தயவுசெய்து திடீரென்று நிறுத்தாதீர்கள். ஒருமுறை ஊருக்குப் போன இடத்தில் எனக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது, இரண்டாம் நாளே சுவரில் பூச்சி ஊர்வது போலத் தெரிந்தது, உடம்பு முன்னைவிட மோசமாக விறைத்தது. வலிப்புகூட வரலாம் என்று அப்புறம்தான் சொன்னார்கள். குறைப்பதானாலும் படிப்படியாக, டாக்டர் சொல்கிறபடிதான். மூன்று வாரம் காத்திருக்காமல் இன்றே போன் போடுங்கள்.

பதில் 2
நான் பிசியோதெரபிஸ்ட். கால் தசையில் பலம் குறைந்தவர்களுக்கு அந்த விறைப்பே ஊன்றுகோல், அதை வைத்துத்தான் நிற்கிறார்கள். பேக்லோஃபென் தண்டுவடத்தில் வேலை செய்கிறது, இந்தத் தசையை மட்டும் தளர்த்து என்று அதற்குச் சொல்ல முடியாது. அதனால் பகலில் குறைத்து ராத்திரியில் கூட்டித் தருவதும் உண்டு, கேட்டுப் பாருங்கள். இது சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்தார்களா? இன்னொன்று, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், ஏன், கால் நகம் சதைக்குள் வளர்ந்தால்கூட இழுப்பு கூடும். அதைக் கவனிக்காமல் டோஸை ஏற்றி என்ன பயன்?

பதில் 3
எனக்கு விறைப்புக்கான இன்னொரு மாத்திரையான டிசானிடினுக்கு மாற்றினார்கள். பலவீனம் அவ்வளவாக இல்லை, ஆனால் நாக்கு வறண்டுபோகும், சட்டென்று எழுந்தால் பி.பி. இறங்கித் தலை சுற்றும், அவ்வப்போது கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனையும் உண்டு. மாற்றினால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சிறுநீர்த் தொற்றுக்கு மெடிக்கலில் சிப்ரோஃப்ளாக்சசின் கொடுப்பார்கள், டிசானிடினோடு அது கூடவே கூடாது, பி.பி. பாதாளத்துக்குப் போய்விடும்.

கேட்டவர்
போன் செய்தேன். மதிய மாத்திரையை மட்டும் பாதியாக்கச் சொன்னார், ரத்தம், சிறுநீர் இரண்டுக்கும் டெஸ்ட் எழுதியிருக்கிறார். அக்காவிடம் கேட்டால் நாலு நாளாக நீர்க்கடுப்பாம், எங்களிடம் சொல்லவே இல்லை!